ஒரு நாள் பட்டினி போடச் சொன்ன பாவத்துக்கு

பருப்பு வேகவில்லை என்றால் பருப்பைத் திட்டுகிற ஜனங்கள், மீன் சாப்பிடவில்லை என்றால் மட்டும் நேராகக் கடைக்காரனைத் திட்டுவார்கள் என்பதுதான் வண்ண மீன் வியாபாரத்தில் நான் கற்ற முதல் பாடம்.

மேற்குத் தாம்பரத்தில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். குழம்புக்கு விற்கிற மீன் இல்லை, தொட்டியில் விட்டுப் பார்க்கிற மீன். போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் வாரத்துக்கு ஒருவராவது வந்து வஞ்சிரம் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போவார். ஊருக்கெல்லாம் நான் பாய். கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் மல்லிகா. கோவளம் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். மீன் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு, மனிதர்கள் விஷயத்தில் அதைவிடக் குறைவு.

மீன் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன். பையைப் பிரிக்காமல் இருபது நிமிஷம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். அப்புறம் பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக அதற்குள் ஊற்றுங்கள். அப்புறம் வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் நாள் தீனி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும், பயப்படாதீர்கள். இவ்வளவுதான். இதைக் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிஷமும் அவர்கள் போனில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

சென்ற ஆவணியில் ஒரு நாள், வழக்கமாக வருகிற ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். இரும்புலியூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் இருக்கிறது. என்னிடம் மீன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அதன் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதை இன்னொருவர் படமெடுத்து, எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார். மேலே என் கடை போர்டின் படம். கீழே மூன்று வரி. "இந்தக் கடை மீன் சாப்பிடாது. மூன்றாம் நாள் செத்துப் போகும். யாரும் வாங்க வேண்டாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வழக்கமாக நிற்க இடமில்லாத கடையில் நானும் மல்லிகாவும் மீன்களும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினோரு வருஷமாகச் சம்பாதித்த பெயர் மூன்று வரியில் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அதை எழுதியது யார் என்று கண்டுபிடித்து, அவர் வீட்டில் என்ன தப்பு நடந்தது என்று நிரூபித்து, அதே குரூப்பில் மறுப்பு எழுத வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அந்தக் குரூப்பில் குடிமாறிப் போனவர்களும் இருப்பார்கள் என்பதால், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, என்னிடம் புதிதாக மீன் வாங்கியவர்களின் வீட்டுக்கெல்லாம் போனேன். அப்படிப் போன இடங்களில் கண்டதையும் கேட்டதையும்தான் எழுதுகிறேன். புடவைக் கடை, செருப்புக் கடை, செல்போன் கடை வைத்திருக்கும் சக பாவிகளே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நோன்பு

இது மட்டும் அந்த மெசேஜுக்கு முன்னால், நோன்பு மாதத்தில் நடந்தது. என் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் இதையே முதலில் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மகளுக்காக இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கினார். நான் என் பாட்டைப் பாடினேன். முதல் நாள் தீனி வேண்டாம் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மாறியது.

"ஏன்?" என்றார். "தம்பி, பையில குலுங்கிக் குலுங்கி வருது. புதுத் தண்ணி, புது வெளிச்சம், புது மனுசங்க. அந்தப் பயத்துல சாப்பிடாது. போட்ட தீனி அடியில போய் அழுகும், தண்ணி கெட்டுப் போகும். ஒரு நாள் சாப்பிடாம இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வறண்ட தொண்டையோடு விளக்கமாகச் சொன்னேன். அவர் என் தொப்பியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் மனம் புண்படக்கூடாது என்ற அக்கறையோடு சொன்னார்: "பாய், நீங்க நோன்பு இருங்க, அது உங்க நம்பிக்கை, நான் மதிக்கிறேன். மீனை ஏன் இதுல இழுக்கறீங்க?"

சுத்தமான தண்ணீர்

கூடுவாஞ்சேரியில் புது லேஅவுட்டில் ஒரு வீடு. மீன் சாப்பிடவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று போன். போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமான தண்ணீரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், சுவர் ஓரமாகக் காலி கேன்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. குடிக்கிற கேன் தண்ணீர். எண்ணிப் பார்த்தேன், நாலு கேன்.

மீனுக்குத் தண்ணீரில் உப்பும் தாதுவும் வேண்டும், இந்தக் கேன் தண்ணீரில் அதையெல்லாம் வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள், இதில் மீனை விட்டால் மயங்கத்தான் செய்யும் என்று சொன்னேன். போர் தண்ணீரைப் பிடித்து வாளியில் இரண்டு நாள் வைத்திருந்து ஊற்றினால் போதும் என்றேன். அந்த வீட்டு அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஏரியா போர் தண்ணீர் வாளியையே மஞ்சளாக்கிவிடுமாம். பக்கத்து வீட்டு வாளிகளில் இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த போர் தண்ணீரால் நானே பாதியை மாற்றி, சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மீன் நிமிர்ந்து நீந்த ஆரம்பித்தது. அதற்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று வாசலில் செருப்பை மெதுவாக மாட்டினேன். அந்த அம்மா சொன்னது இது: "எங்க மாமியாருக்கே போர் தண்ணிய காய்ச்சித்தான் குடுக்கறோம். மீனுக்குக் கேன் வாங்கி ஊத்தினோம். அப்பவும் குறைதானா பாய்?"

எந்தத் தண்ணீர்?

சேலையூரில் ஒரு பேங்க் மேனேஜர். நான் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தேன், மீன் விட்ட உடனே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று சாதித்தார். பையை மிதக்க விட்டீர்களா? விட்டேன். இருபது நிமிஷமா? மணி பார்த்து இருபது நிமிஷம். எங்கே, காட்டுங்கள் என்றேன். குளியலறைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த பக்கெட்டில் மிதக்க விட்டிருக்கிறார். அது முடிந்ததும் ஹாலுக்கு வந்து, தொட்டியில் மீனைத் தொபுக்கென்று கொட்டியிருக்கிறார்.

தொட்டித் தண்ணீரின் சூடும் பைத் தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும் என்பதற்காகத்தானே சார் மிதக்க விடச் சொன்னது என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பது உண்மை. அவர் அசரவில்லை. லோன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க தண்ணியில மிதக்க விடுங்கன்னுதான் சொன்னீங்க. எந்தத் தண்ணின்னு சொல்லல."

உபசாரம்

இரும்புலியூரில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. தொட்டியைப் பார்த்து நான் மிரண்டுபோனேன். தண்ணீர் ரசம் மாதிரி கலங்கியிருந்தது. மேலே ஏதோ மிதந்தது. அடியில் ஏதோ மண்டியிருந்தது. நடுவில் இரண்டு மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. நான் கேட்க ஆரம்பித்தேன். காலையில் வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார். அவர் போட்டது தெரியாமல் அவர் மனைவி ஒரு சிட்டிகை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் ஒரு கை. மாடி வீட்டு அக்கா பார்க்க வந்தபோது சும்மா பார்ப்பானேன் என்று அவர் ஒரு கை. இத்தனையும் முதல் நாளே.

மீன் எதையும் தொடவில்லை. உடனே வீட்டில் கவலை வந்துவிட்டது. கடைத் தீனி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பிஸ்கெட்டைத் தூளாக்கிப் போட்டிருக்கிறார்கள். அதையும் தொடவில்லை. இட்லி. அதற்கடுத்து உப்புமா. நான் தொட்டிக்குள் கையை விட்டால் கடுகு வருகிறது! பதினோரு வருஷத்தில் மீன் தொட்டியிலிருந்து தாளித்த கடுகை எடுத்தது அன்றுதான். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அதுவும் ஆபத்து என்பதால், மூன்று நாள் தினமும் போய், கால் பங்கு கால் பங்காக மாற்றினேன். கடைசி நாள் மீன் வாயைத் திறந்து ஒரே ஒரு உருண்டையைக் கவ்வியது. அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. மீதிப் பாதியையும் வைத்துக்கொள்ள விடாமல் அவர் சொன்னார்: "வீட்டுக்கு வந்தது சாப்பிடாம இருந்தா நமக்கு எப்படி பாய் சோறு இறங்கும்? உப்புமா புடிக்காதுன்னு அதுவா சொல்லிச்சு?"

கண்ணாடி நண்பன்

காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினார்கள். ஃபைட்டரைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், இன்னொரு ஃபைட்டரைப் பார்த்தால் சண்டை போடும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஐந்தாவது நாள் வீடியோ அனுப்பினார்கள். மீன் துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறது, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரில் போனேன். கண்ணாடி ஜாடியைச் சுற்றி மூன்று பக்கமும் முகம் பார்க்கிற கண்ணாடி வைத்திருந்தார்கள்.

பாவம், அந்த மீன் ஐந்து நாளாக மூன்று எதிரிகளோடு இடைவிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாப்பிட எங்கே நேரம்? கண்ணாடிகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு இலைக்குக் கீழே போய்ப் படுத்தது. நான் ஏசியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன், நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தான். "அண்ணா, ஒரு கண்ணாடி மட்டும் வச்சிக்கலாமா? ஊர விட்டு வந்து தனியா ரூம்ல உக்காந்தா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்ணா."

வெள்ளிக்கிழமை

இதைக் கேட்டுவிட்டு அந்த நோன்புத் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டையில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டு மீன் வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாயைத் திறக்காது. சனிக்கிழமை மத்தியானம்வரை மூலையில் கிடக்கும், அப்புறம் சரியாகிவிடும். மல்லிகாவிடம் இதைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள், குறையாக அல்ல, பெருமையாக. நான் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் புரிந்துவிட்டது. ஹால் முழுக்கச் சாம்பிராணிப் புகை. தொட்டிக்குக் காற்று அனுப்புகிற மோட்டார் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது பக்கத்தில் இருக்கிற காற்றைத்தானே இழுக்கும்? புகையை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டிருந்தது. நான் மோட்டாரை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வழக்கம்போலச் சாப்பிட்டது. நன்றி சொல்லப் போன் செய்கிறார் என்று நினைத்து எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவின் குரலில் நன்றி இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது: "அது விரதம் இருக்குதுன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டேன் பாய். இப்ப நான் என்ன சொல்றது?"

ஒரு மாசம்தானே

புரட்டாசி பிறந்ததும் இன்னொரு போன். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் ஆஸ்கர் மீன் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. ஆஸ்கர் என்பது ஒரு அடி நீளத்துக்கு வளர்கிற, புழு பூச்சியெல்லாம் தின்கிற முரட்டு மீன். தீனி டப்பாவின் பின்பக்கத்தை அந்த வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறார். அதில் மீன் தூள் கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் டப்பாவைக் கொண்டுபோய் மாடியில் வைத்துவிட்டார். அன்று முதல் ஆஸ்கருக்கு வேகவைத்த பீன்ஸும் கேரட்டும்தான். வாசல் வரைக்கும் பீன்ஸ் வாசம் அடித்தது. ஆஸ்கர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

உங்கள் விரதத்தை நான் குறை சொல்லவில்லை சார், ஆனால் அதன் வயிறு அப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்றேன். அவர் நல்ல மனிதர். யோசித்தார். மனைவியைக் கூப்பிட்டு ஆலோசித்தார். கடைசியில் எனக்கே ஒரு பொறுப்பைக் கொடுத்தார்: "ஒரு மாசம்தானே பாய். நீங்க சொன்னா கேக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

இதற்கு நானே பொறுப்பு

ஐப்பசியில்தான், முதலில் போனை நீட்டியவர் விசாரித்துச் சொல்லி, பெயர் தெரிந்தது. அந்த மூன்று வரியை எழுதியவர் வசந்தா மேடம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே அபார்ட்மெண்டில் பி பிளாக், இரண்டாவது மாடி, தனியாக இருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ ஓட்டியிருக்கிறேன். இந்த மாதிரியே தொடர்ந்தால் கடையை மூடிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. மல்லிகாவையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். படியேறும்போதே அவர் என்ன தப்பு செய்திருப்பார் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுவிட்டேன். உப்புமாவா, கேன் தண்ணீரா, இல்லை வேறு ஏதாவது புதுசாகவா?

மேடம் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் பயப்படவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. உட்காரச் சொன்னார். காலித் தொட்டி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெயில் படாத இடத்தில் இருந்தது. இடம் சரி. நான் கேட்க ஆரம்பித்தேன். எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர், இரண்டு நாள் வாளியில் வைத்தது. பையை எதில் மிதக்க விட்டீர்கள்? இதே தொட்டியில், இருபது நிமிஷம். விளக்கு? அணைத்திருந்தேன். முதல் நாள் தீனி? நீங்கள்தான் போடக்கூடாது என்று சொன்னீர்களே. எனக்குக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

அழகான கையெழுத்து. தேதி போட்டு எழுதியிருந்தார். கடையில் நான் சொன்னது அத்தனையும் வரிசையாக இருந்தது. பதினோரு வருஷத்தில் என் பாட்டை யாரோ ஒருவர் முழுசாகக் கேட்டிருக்கிறார்! அதற்குக் கீழே: "முதல் நாள். மூலையில் இருக்கிறது. தீனி போடவில்லை." "இரண்டாம் நாள். ஒரே ஒரு உருண்டை போட்டேன். தொடவில்லை. எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன்." "மூன்றாம் நாள் காலை. இல்லை." அந்த 'பேசிப் பார்த்தேன்' என்ற இடத்தை என்னால் இன்னொரு தடவை படிக்க முடியவில்லை. மல்லிகா தலையைத் திருப்பிக்கொண்டார்.

என்ன மீன் என்று கேட்டேன். கறுப்பு, கண் பெரிசாக வெளியே இருக்கும் என்றார். தேதியை மறுபடி பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. கொளத்தூர் வண்ண மீன் மார்க்கெட்டிலிருந்து மீன் பெட்டி வந்தால், அந்த மீனை உடனே விற்கக்கூடாது. பின்னால் ஒரு தொட்டியில் நாலு நாள் ஓய்வில் வைத்து, அது தீனி எடுக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முன்னால் கொண்டுவர வேண்டும். அந்தச் சனிக்கிழமை பெட்டி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடையில் கூட்டம். மேடம் திறந்த பெட்டியில் இருந்த அந்தக் கறுப்பு மீனைக் காட்டிக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணமும் கிடையாது. ஊர்ப் பயணம் முடிந்து மூச்சுக்கூட வாங்காத மீனை இன்னொரு பையில் கட்டி அனுப்பியது நான்தான்.

மறுப்பு எழுதி வாங்கப் போனவன், "மேடம், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. வேறு ஒரு மீன் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். மேடம் நோட்டில் 'இல்லை' என்பதற்குக் கீழே நான் சொன்னதை எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி, சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்கச் சொன்னார். இதைக் குரூப்பில் போடலாமா என்று கேட்டார். போட்டால் கடை அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். போடுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாசமா நான்தான் ஏதோ தப்பு பண்ணிக் கொன்னுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன் பாய். கோவத்துல உங்க மேல எழுதினேனே தவிர, மனசுல என்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

பழைய மீன்

மேடம் போட்டார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெட்டி வந்த நேரம், நாலு நாள் ஓய்வு, நான் ஒப்புக்கொண்டது, எல்லாம். நான் இரண்டு நாள் போனையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மேடமே கடைக்கு வந்தார். இனாமாக மீன் வேண்டாம், என் கண் எதிரில் எது சாப்பிடுகிறதோ அதைக் கொடுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கறுப்பு மீன் தீனியைக் கவ்வியதும்தான் எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பி பிளாக்கிலிருந்து ஒரு குடும்பம். பின்னாலேயே சி பிளாக்கிலிருந்து இரண்டு பேர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்று, மீன் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். கடை செத்துப் போகும் என்று நான் நினைத்த இடத்தில் அதற்கு மூச்சு வந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசியதைக் கேட்காதவர்கள் என் தப்பை மட்டும் வரி விடாமல் படித்திருக்கிறார்களே என்று கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வந்த ஒவ்வொருவரும் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாலு நாள் பழைய மீன் இருக்கா? மல்லிகா இதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வலையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல பழைய மீனுன்னு சொன்னா கூடையத் தூக்கி மூஞ்சிலயே அடிப்பாங்க பாய். இங்க இன்னாடான்னா, பழசு கீதா பழசு கீதான்னு கேட்டு வாங்கிக்கினு போறாங்கோ."

மற்றவர்களின் தப்புகளுக்கெல்லாம் எழுத உட்கார்ந்த உடனே தலைப்பு வந்துவிட்டது, என் தப்புக்கு ஒரு தலைப்பு வைக்கத்தான் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.